வெயில் ஆய்வு வரம்பில் இல்லை

தங்கச்சிமடத்துக் கரையில் வெயில் ஏறிவிட்டால் ஜுவைரியாவின் டேப்லெட் முகம் பார்க்கும் கண்ணாடி ஆகிவிடும். அலங்காரத்துக்குச் சொல்லும் பேச்சில்லை இது. மீன் ஏலம் எடுக்க வரும் செவ்வந்தி அதில் பார்த்துத்தான் தினமும் பொட்டைச் சரி செய்துகொள்வாள்.

“இங்கன கொஞ்சம் சாய்ச்சுப் பிடி தாயி. ம், போதும். உங்க ஆபீஸ்ல நல்ல சாமானாத்தான் குடுத்திருக்காக.”

ஜுவைரியா கடல்வரவுக் கணக்கெடுப்பு வாரியத்தில் ஒப்பந்தப் பணியாளர். மண்டபத்திலிருந்து தினமும் பஸ் ஏறி வந்து, எந்தப் படகில் என்ன மீன் எத்தனை கிலோ இறங்கியது என்று கேட்டு, டேப்லெட்டில் மீன் பெயரைத் தொட்டு எடையைப் பதிவது வேலை. மீனைப் பார்ப்பதில் சிரமம் இல்லை. எடையைக் கேட்பதில் சிரமம் இல்லை. தொடுவதில்தான் எல்லாச் சிரமமும்.

முதலில் அவள் தன்னைத்தான் சந்தேகப்பட்டாள். அது அவள் பழக்கம். கண்ணாடித் துணி வாங்கித் துடைத்துப் பார்த்தாள். வெளிச்சத்தைக் கடைசிவரை ஏற்றிப் பார்த்தாள். கிழக்கே திரும்பி நின்று, மேற்கே திரும்பி நின்று, குனிந்து, நிமிர்ந்து பார்த்தாள். எப்படிப் பார்த்தாலும் அவள் முகம் தெரிந்தது. பின்னால் வானமும் இரண்டு காக்காயும் தெரிந்தன. மீன் பெயர் மட்டும் தெரியவில்லை. கடைசியில் முக்காட்டை இழுத்து டேப்லெட்டின் மேல் கூடாரம் போட்டுக்கொண்டு, அதற்குள் தலையை நுழைத்து வேலை பார்த்தாள். உள்ளே எழுத்து கொஞ்சம் தெரிந்தது. வியர்வையும் சொட்டியது. ஒருநாள் ஒரு சொட்டு சரியான இடத்தில் விழுந்து மொழியை குஜராத்தியாக மாற்றிவிட்டது. அதைத் தமிழுக்குத் திருப்ப அவள் பட்ட பாட்டுக்குள் மூன்று வல்லங்கள் மீனை இறக்கிவிட்டுப் போய்விட்டன.

இப்படி ஓடிக்கொண்டிருந்த பிழைப்பில் ஒரு பகல் சூடை மீன் கொட்டோ கொட்டென்று கொட்டியது. எந்தப் படகைப் பார்த்தாலும் சூடை. ஜுவைரியாவும் கூடாரத்துக்குள்ளிருந்து சூடை, சூடை என்று தொட்டுக்கொண்டே இருந்தாள். அகர வரிசையில் சூடைக்கு மேலே இருப்பது சுறா. அன்று மாலை வாரியத்தின் கணக்கில் தங்கச்சிமடத்தில் நாலு டன் சுறா இறங்கியிருந்தது.

குறிப்பாணை வந்தது. “ஒரே பகலில் நாலு டன் சுறா வந்ததாகப் பதிவு செய்துள்ளீர். கரையில் எவரும் ஒரு சுறாவையும் பார்க்கவில்லை என்கின்றனர். தங்கள் ஒப்பந்தத்தை ஏன் முடித்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு விளக்கம் தரவும்.”

ஜுவைரியா உண்மையை எழுதிக்கொண்டு ராமநாதபுரம் அலுவலகத்துக்குப் போனாள். ‘வெயிலில் டேப்லெட் ஸ்கிரீன் தெரியவில்லை. வெயிலில் தெரியும் டேப்லெட் தந்தால் தவறு நேராது.’ கண்காணிப்பாளர் நாகநாதன் அதை வாங்கிப் படித்தார். முப்பது வருடம் கோப்புகளோடு குடும்பம் நடத்தியவர் அவர். பேனாவை எடுத்து இரண்டு சொற்களைச் சுழித்தார். குரலில் கோபமே இல்லை.

“கோப்புல இங்கிலீசு வரக்கூடாதும்மா. ஸ்கிரீன் என்ன ஸ்கிரீன்? திரைன்னு எழுது.”

“சரி சார். டேப்லெட்டு?”

“அத எழுதவே எழுதாத. டேப்லெட்டுன்னா மாத்திரைன்னு நெனச்சு மருத்துவப் பிரிவுக்கு அனுப்பிச்சிருவாக. போன வருஷம் ஒருத்தனுக்கு அப்படித்தான் காய்ச்சல் மாத்திரை வந்துச்சு. சுருக்கமா எழுது. வெயிலு, திரை, மாத்தணும். அம்புட்டுத்தான்.”

அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ஜுவைரியா அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தாள். ‘வெயிலில் திரை சரியில்லை. திரையை மாற்றித் தர வேண்டுகிறேன்.’

வாரியம் சும்மா இருக்கவில்லை. சில நாட்களில் தங்கச்சிமடத்துக்கு ஒரு பார்சல் வந்தது. பிரித்தால் பச்சை நிறத்தில் இரண்டு ஜன்னல் திரை, வளையங்களோடு. வெயில் என்றதும் ஜன்னல் என்று பொருட்பிரிவு யூகித்திருந்தது. கூடவே ஒரு கடிதம்: ‘கோரியவாறு வழங்கப்பட்டுள்ளது. தொங்கவிட்ட பின் புகைப்படம் எடுத்து அனுப்பவும்.’

ஜுவைரியா கரையைச் சுற்றிப் பார்த்தாள். ஒரு பக்கம் கடல். ஒரு பக்கம் பனை. எங்கேயும் ஜன்னல் இல்லை.

செவ்வந்திக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “கடலுக்கே திரை போட்டு மூடப்போறியாக்கும்? இங்க குடு, ஐஸ் பெட்டி மேல போர்த்துவோம். மீனாச்சும் நெழல்ல கெடக்கட்டும்.”

“வாரியச் சொத்துக்கா. நம்பர் போட்டிருக்கு.”

“அப்ப நீ போர்த்திக்க. நீயும் வாரியச் சொத்துத்தான?”

நான் தெளிவாக எழுதாததுதான் தப்பு என்று ஜுவைரியா நினைத்தாள். வேலை பார்க்கும் இடத்தைச் சொல்லிவிட்டால் குழப்பம் வராது. மறுபடி எழுதினாள்: ‘கடற்கரையில் பணிபுரியும்போது திரை மிகவும் தொந்தரவாக உள்ளது. திரையை மாற்றித் தர வேண்டுகிறேன்.’ கடற்கரை என்ற சொல்லைப் பார்த்ததும் மனு கடலரிப்புப் பிரிவுக்குப் போனது. அந்தப் பிரிவு அதிகாரி தமிழ் இலக்கியம் படித்துவிட்டு வந்தவர். திரை என்றால் அலை என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அழகான நடையில் பதில் எழுதியிருந்தார். ‘கடற்கரைத் திரைகளை மாற்றித் தரும் அதிகாரம் இவ்வாரியத்துக்கு வழங்கப்படவில்லை. அவை தொன்றுதொட்டு அவ்வாறே வந்துகொண்டிருக்கின்றன.’

மூன்றாம் முறை நாகநாதனே இரக்கப்பட்டார். அகராதியை எடுத்து வைத்துக்கொண்டு, ‘கைக்கணினித் தொடுதிரை’ என்று தானே எழுதிக் கொடுத்தார். அந்தச் சொல் வாரியத்தில் இதற்குமுன் எந்தக் கோப்பிலும் வந்ததில்லை. அதனால் எந்தப் பிரிவுக்கு அனுப்புவது என்று யாருக்கும் தெரியவில்லை. எந்தப் பிரிவுக்கும் சேராத விஷயத்துக்கு வாரியத்தில் ஒரு குழு அமைப்பது வழக்கம். இணை இயக்குநர் வசந்தகுமார் தலைமையில் திரை ஒப்பாய்வுக் குழு அமைக்கப்பட்டது. உறுப்பினர்-செயலர் நாகநாதன். தொழில்நுட்ப ஆலோசகர், மதுரையிலிருந்து கோட்டு போட்டுக்கொண்டு வந்திருந்த ரிஃபாய்.

குழு அமைத்த ஆணையில் கடைசிப் பத்தி இப்படி இருந்தது: ‘திரையில் குறை உள்ளது எனக் குழு கண்டால் திரை மாற்றப்படும். திரையில் குறை இல்லை எனக் கண்டால், குறை பணியாளரின் கண்ணில் உள்ளது எனக் கொண்டு ஒப்பந்தம் முடிக்கப்படும்.’

அதை வீட்டில் படித்துக் காட்டியதும் உம்மா ஜஸீலா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

“வேல போனாப் போவுது புள்ள. கண்ணு தெரியாத புள்ளைன்னு கவர்மெண்டே எழுதிக் குடுத்துட்டா? நாளைக்குப் பொண்ணு கேட்டு வர்றவுக அந்தக் காயிதத்தையில்ல காட்டுவாக?”

“எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கும்மா.”

“அப்ப அந்தா போற பஸ்ஸுல என்ன எழுதியிருக்கு, படி.”

பஸ் போய்விட்டிருந்தது. ஜுவைரியாவுக்கு வேலை போவதும் பெரிய விஷயம்தான். வாப்பா நெய்னா முகம்மது சவூதியிலிருந்து முழங்கால் வலியோடு திரும்பி வந்த பிறகு வீட்டில் மாதச் சம்பளம் என்று இருப்பது அவளுடையது மட்டுமே. அதற்கு மேல் இப்போது கண்ணும் சேர்ந்துகொண்டது. அன்று முழுக்க ஒரு கண்ணை மூடிச் சுவர்க் காலண்டரைப் படித்தாள். பிறகு மறு கண்ணை மூடிப் படித்தாள். இரண்டு கண்ணுக்கும் அமாவாசை ஒரே தேதியில்தான் தெரிந்தது. ஆனாலும் சந்தேகம் விடவில்லை.

குழுவின் முதல் அமர்வு ராமநாதபுரம் அலுவலகத்தின் கூட்ட அறையில் நடந்தது. ஏசி குளிரில் ஜுவைரியாவின் பல் தாளம் போட்டது. படம் நன்றாகத் தெரியட்டும் என்று ஜன்னல்களை மூடி விளக்கையும் அணைத்திருந்தார்கள். மேஜை மேல் நான்கு டேப்லெட்டுகள். ரிஃபாய் முதலாவதைத் தொட்டான்.

“சார், இதுதான் எல்சிடி. இப்ப களப்பணியாளருங்க வச்சிருக்கிற ரகம். பின்னாடி ஒரு விளக்கு எரிஞ்சிக்கிட்டே இருக்கும். முன்னாடி இருக்கிற படலம் அதை மறைச்சும் விட்டும் படத்தைக் காட்டும். என்னதான் மறைச்சாலும் கொஞ்சம் வெளிச்சம் கசியும். அதனால கறுப்பு சாம்பலாத்தான் தெரியும்.”

“கசியக் கூடாதே” என்றார் வசந்தகுமார். “நம்ம வாரியத்துல எதுவும் வெளியே கசியக் கூடாது.”

“அப்ப இதைப் பாருங்க. ஓஎல்இடி. இதுல பின்னாடி விளக்கே கிடையாது. ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும். கறுப்பு வேணும்னா அந்தப் புள்ளி அணைஞ்சிரும்.”

வசந்தகுமார் முன்னால் சாய்ந்தார். திரையில் ஒரு மயில் தோகை விரித்தது. மயிலைச் சுற்றி இருந்த இருட்டு, அறையின் இருட்டைவிடக் கறுப்பாக இருந்தது.

“அதாவது, கறுப்பு காட்டுற நேரத்துல அந்தப் புள்ளி வேலையே செய்யல?”

“ஆமா சார்.”

“வேலையே செய்யாம இவ்வளவு சிறப்பான விளைவா!” இணை இயக்குநரின் குரல் தழுதழுத்தது. “நாகநாதன், இதைக் குறிச்சுக்குங்க. என் சர்வீஸ் பூரா நான் இந்தத் தத்துவத்தைத்தான் சொல்லிக்கிட்டு வாரேன்.”

நாகநாதன் பேனாவோடு திணறிக்கொண்டிருந்தார். “குறிக்கிறேன் சார். ஓஎல்இடிக்குத் தமிழ்ல என்ன போடுறதுன்னுதான்... ஒளி உமிழ் கரிம இருமுனையம்னு அகராதி சொல்லுது. கரிமம்னு போட்டா, கரியில எரியுற திரை எதுக்குன்னு தணிக்கையில கேப்பாக.”

“அடுத்தது மினி எல்இடி” என்றான் ரிஃபாய். “எல்சிடிதான். ஆனா பின்னாடி ஆயிரக்கணக்குல குட்டிக் குட்டி விளக்கு. எந்தப் பகுதிக்கு வேணுமோ அந்தப் பகுதி மட்டும் எரியும், மத்தது அணையும். வெளிச்சம் ரொம்ப அதிகம் குடுக்கும்.”

“பகுதி பகுதியா தானே முடிவெடுக்குமா?”

“ஆமா சார்.”

“சரிவராது. அப்புறம் தலைமை அலுவலகம்னு எதுக்கு நாங்க இருக்கோம்? அடுத்தது.”

நான்காவது டேப்லெட்டில் எதுவுமே தெரியவில்லை. வசந்தகுமார் அதைத் தட்டினார். தூக்கி ஆட்டிப் பார்த்தார்.

“பழுதா?”

“இல்ல சார், இது மின்தாள். இதுல வெளிச்சமே கிடையாது. காகிதத்துல மை மாதிரி எழுத்து உள்ளேயே நிக்கும். வெளி வெளிச்சம் பட்டாத்தான் தெரியும். வெயில் அடிக்க அடிக்க நல்லாத் தெரியும். கலர் இல்ல, கொஞ்சம் மெதுவு, பக்கம் மாறும்போது ஒரு தடவை கண்ணு சிமிட்டும். விளக்கைப் போட்டா இப்பவே காட்டுறேன்.”

“விளக்கைப் போட்டாத்தான் தெரியும்னா அதுக்கு எதுக்குய்யா திரை? காகிதம் பத்தாதா? இருட்டுல தெரியாத பொருள் இந்த வாரியத்துக்கு உதவாது. நிராகரிக்கப்பட்டதுன்னு எழுதுங்க நாகநாதன்.”

ஜுவைரியா நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள். பேசலாமா கூடாதா என்று தெரியவில்லை. கையைப் பாதி தூக்கினாள். அறை இருட்டில் அது யாருக்கும் தெரியவில்லை. எழுந்து நின்றாள்.

“சார், வெயில்ல தெரியும்னு சொல்றாரே சார், அந்தக் கடைசி டேப்லெட்டு...”

நாகநாதன் ஆணையைத் தன் போன் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். “ஒப்பாய்வுக்குரிய கூறுகள்: நிறம், கறுமை, வேகம், தோற்றப் பொலிவு. வெயில் ஆய்வு வரம்பில் இல்லம்மா.”

“ஆனா நான் மனுவுல முதல் வார்த்தையே வெயில்னுதான் சார் எழுதியிருந்தேன்.”

“அது மனு. இது வரம்பு” என்றார் வசந்தகுமார் கனிவாக. “ரெண்டையும் கலக்கக் கூடாது. ரிஃபாய், வேகத்தைச் சொல்லுங்க.”

“ஓஎல்இடி நொடிக்கு நூத்திருபது தடவை தன்னைப் புதுப்பிச்சிக்கும் சார்.”

“நூத்திருபது தடவையா! இந்தப் பொண்ணோட ஒப்பந்தத்தை வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கவே எங்களுக்கு மூச்சு முட்டுது.” எல்லாரும் சிரித்தார்கள். ஜுவைரியாவும் சிரித்து வைத்தாள். அந்தப் புதுப்பிப்பு இந்த மாதக் கடைசியில் வர வேண்டியது.

இறுதியில் ஒரு முடிவு எடுக்கப்பட்டது. பழைய திரையிலிருந்து புதிய திரைக்கு மாறுவது செலவுக்குத் தகுமா என்பதை ஒரு மயிலைப் பார்த்து முடிவு செய்துவிட முடியாது. உறுப்பினர்கள் ஆளுக்கொரு டேப்லெட்டை வீட்டுக்கு எடுத்துச் சென்று நீடித்த பயன்பாட்டு ஆய்வு செய்ய வேண்டும். ஓஎல்இடி தலைவரோடு போனது. மினி எல்இடி நாகநாதனோடு போனது. மின்தாளை யாரும் எடுக்கவில்லை. அது மேஜையில், போட்டது போட்டபடி கிடந்தது. ஜன்னல் ஓரத்தில் விழுந்த சிறு கீற்று வெளிச்சத்தில் அதில் ஏதோ எழுத்து தெரிந்ததை ஜுவைரியா போகும்போது பார்த்தாள்.

தலைவரின் இடைக்கால அறிக்கை விரைவிலேயே சுற்றுக்கு வந்தது. ‘இரவு எட்டு மணித் தொடரைக் குடும்பத்தோடு பார்வையிட்டதில், வில்லியின் பட்டுச் சேலைக் கரையும் அவர் மனத்தின் கறுமையும் முன்னெப்போதும் இல்லாத துல்லியத்துடன் தெரிகின்றன. மாற்றம் தகும் என்பது என் துணைவியாரின் கருத்தும்கூட.’ நாகநாதனின் அறிக்கை சிறியது: ‘பேத்தியிடமிருந்து கருவி இன்னும் திரும்பப் பெறப்படவில்லை.’

ஜுவைரியா துணிந்து இன்னொரு மனு எழுதினாள். மீன் கணக்கு எடுக்கும் இடத்தில், எடுக்கும் நேரத்தில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள் என்று கேட்டாள். எதிர்பார்க்காத வேகத்தில் சம்மதம் வந்தது. கள ஆய்வு என்றால் வாகனம் உண்டு. ராமேஸ்வரம் வரை போய்த் தரிசனமும் முடித்து வரலாம்.

குறித்த நாளில் அவள் கரைக்குப் போனபோது அங்கே ஒரு சாமியானாப் பந்தல் நின்றது. உள்ளே கம்பளம், நாற்காலிகள், இரண்டு ராட்சத ஏர் கூலர், மேஜை நிறைய இளநீர். குழு பந்தலுக்குள் இறங்கி, பந்தலுக்குள் அமர்ந்து, பந்தலுக்குள்ளேயே டேப்லெட்டுகளைத் திறந்தது. ஜுவைரியாவின் பழைய டேப்லெட்டில் சூடையும் சுறாவும் தனித்தனியாக, பளிச்சென்று தெரிந்தன.

“நல்லாத்தானே தெரியுது?” என்றார் வசந்தகுமார்.

“சார், இங்கன நெழலு. ஒரு நிமிஷம் மட்டும் வெளிய வந்து பாத்தீங்கன்னா...”

“வெளியவா? இந்த வெயில்லயா?”

வேடிக்கை பார்க்க வந்த செவ்வந்தி கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். “சாரு, கல்யாணப் பந்தல்ல உக்காந்து பாத்தா எல்லா மாப்பிளையும் அழகாத்தான் தெரிவான். இங்க வந்து பாருங்க. இந்தப் புள்ள தெனமும் தலையில துணியப் போட்டுக்கிட்டு என்ன பாடு படுதுன்னு அப்பத்தான் தெரியும்.”

கூட்டம் சிரித்தது. வசந்தகுமாருக்குக் கௌரவம் உறுத்தியது. எழுந்து, ஒரு காலைப் பந்தலுக்குள்ளேயே வைத்துக்கொண்டு, மற்றதை மணலில் ஊன்றி, அந்தப் பழைய டேப்லெட்டை உச்சி வெயிலில் நீட்டினார். ஜுவைரியா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இணை இயக்குநர் திரையை உற்றுப் பார்த்தார். முகத்தை இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார். காதோரம் பறந்த மயிரை மெதுவாக ஒதுக்கினார். பிறகு ஒரு புன்னகை பூத்தது.

“அபாரம். என்னை எனக்கு இவ்வளவு தெளிவா எந்தத் திரையும் காட்டினதில்ல. நாகநாதன், எழுதுங்க. வெயிலில் தெளிவு, மிக நன்று.”

“சார், அது உங்க மூஞ்சி சார்” என்றாள் ஜுவைரியா.

“அதைத்தானேம்மா நானும் சொல்றேன்.”

திரையில் குறை இல்லை என்று பதிவாகிவிட்டது. ஆணைப்படி இனிக் குறை அவள் கண்ணில்தான் இருந்தாக வேண்டும். அதைச் சான்றாக வாங்கிவர அவளையே கண் மருத்துவரிடம் அனுப்பினார்கள். பஸ்ஸில் போகும்போது அவளுக்கே தன் கண்மேல் நம்பிக்கை இல்லை. இணை இயக்குநருக்குத் தெரிந்திருக்கிறது. ஒருவேளை அவருக்கு மீன் பெயரும் தெரிந்து, எனக்கு மட்டும் தெரியாமல் இருக்கிறதோ?

மருத்துவர் அம்மா எழுத்துப் பலகையைக் காட்டினார். ஜுவைரியா மேலிருந்து கடைசி வரிவரை படித்தாள். நிறுத்தச் சொல்லாததால் பலகையின் மூலையில் பொடி எழுத்தில் இருந்த அச்சகத்தின் பெயரையும் படித்தாள்.

“அங்க ஒரு பேரு இருக்கிறதே எனக்கு இன்னைக்குத்தான் தெரியும்” என்றார் மருத்துவர். “உன் கண்ணுல குறைன்னு எழுதணும்னா முதல்ல நான் கண்ணாடி மாத்தணும். போ, போய் வேலையப் பாரு.”

இப்படியாகக் குழுவின் இறுதி அமர்வு ஒரு பெரிய நெருக்கடியில் தொடங்கியது. நாகநாதன் இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“திரை நன்று. கண்ணும் நன்று. ஆணையில ரெண்டே வழிதான் சார் இருக்கு. குறை எங்கயுமே இல்லன்னு கோப்பை மூட விதி கிடையாது.”

“கண்ணைத் திரும்பப் பரிசோதிக்கச் சொன்னா என்ன?”

“சொல்லலாம் சார். அந்த டாக்டரம்மா இன்னும் நல்லா இருக்குன்னு எழுதிக் குடுத்துட்டா?”

ஏசி மட்டும் பேசியது. மாதக் கடைசிக்கு இன்னும் அதிக நாள் இல்லை. கோப்பை மூடாவிட்டால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது. ஜுவைரியா வேறு எதுவும் தோன்றாமல், முதல் நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்ததையே சொன்னாள்.

“வெயிலுதான் சார் காரணம்.”

வசந்தகுமார் மேஜையைத் தட்டினார். ஜுவைரியா பயந்துவிட்டாள். அவர் முகமோ மலர்ந்திருந்தது.

“இதை ஏம்மா இத்தனை நாளா சொல்லல? குறை வெயில்ல! கண்ணுல இல்ல, திரையில இல்ல, வாரியத்துல இல்லவே இல்ல. நாகநாதன், வெயிலுக்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை குடுக்க வழி இருக்கா?”

“பெறுநர் முகவரி இல்ல சார்.”

“அப்ப விட்டுருங்க. வெயிலை நாம மாத்த முடியாது. ஆனா வெயில்லேர்ந்து பணியாளரை மாத்த முடியும். ஒரு நல்ல நிர்வாகம்னா அதுதான் செய்யும். எழுதுங்க.”

ஆணை அன்றே வந்தது. அதிகாரிகளின் அறைகளில் கறுப்பு நன்றாகத் தெரிவதால் அவர்கள் எல்லாருக்கும் ஓஎல்இடி. மாற்றம் தகும் என்று ஆய்வில் நிறுவப்பட்டிருந்தது. ஜுவைரியாவின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. கண்ணில் குறை இல்லை என்று தனியே ஒரு வரியும் இருந்தது. பதவியின் பெயர் மட்டும் மாறியிருந்தது: உள்ளரங்கக் கணக்கெடுப்பாளர். இனி அவள் ராமநாதபுரத்தில், கூட்ட அறைக்கு அடுத்த ஏசி அறையில் அமர்ந்து, திரை நன்கு தெரியும் சூழலில் மீன்வரவைப் பதிய வேண்டும். டேப்லெட் மேஜையோடு சேர்த்துப் பூட்டப்பட்டிருக்கும்.

உம்மா அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். “அல்ஹம்துலில்லாஹ். ஏசி ரூமு, கண்ணும் நல்ல கண்ணுன்னு எழுத்துல வந்துருச்சு. இனி எவன் என்ன சொல்ல முடியும்?” வாப்பா ஆணையை வாங்கிக் கட்டிலுக்கு மேலே இருந்த அலமாரியில் பத்திரமாக வைத்தார்.

முதல் நாள் ஜுவைரியா சால்வையைப் போர்த்திக்கொண்டு புதிய இருக்கையில் அமர்ந்தாள். திரையைத் திறந்தாள். அயிலை, கணவாய், காரல், சீலா, சுறா, சூடை. ஒவ்வொரு பெயரும் கோலப்பொடியில் வரைந்த மாதிரி நின்றது. வியர்வை இல்லை. கூடாரம் இல்லை. தப்பாகத் தொட வழியே இல்லை. விரலை நீட்டினாள். விரல் அந்தரத்தில் நின்றது.

செவ்வந்திக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் எடுத்தாள். பின்னால் ஏலக் கூச்சல்.

“யாருங்க? வெயில்ல பேரு ஒண்ணும் தெரியல.”

“நான்தான்க்கா, ஜுவைரியா.”

“ஏத்தா, நீயா! எங்கன இருக்க? ரெண்டு நாளா ஆளக் காணோம்? பொட்டு கோணலாத்தான் வச்சுக்கிட்டுத் திரியுறேன்.”

“ராம்நாட்ல, ஆபீஸ்லக்கா. இனிமே இங்கனதான். இன்னைக்கு என்ன மீனுக்கா எறங்கியிருக்கு?”

அந்தப் பக்கம் சிரிப்பு வெடித்தது.

“மீனு இங்கன கெடக்கு, நீ அங்கன இருந்து எண்ணுறியா? நல்லாருக்குடி உங்க ஆபீசு! என்ன மீனுன்னு கேட்டா நான் எதச் சொல்ல? கரை பூராக் கெடக்கு. ஒனக்கு என்ன மீனு புடிக்கும், அதப் போட்டுக்க. அட, இருங்கண்ணே, அந்தக் கூடை என்னுது, கைய எடு! நான் அப்புறம் பேசுறேன் தாயி.”

போன் வைக்கப்பட்டது. ஜுவைரியா திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கரையில் நின்ற நாளில் மீன் தெரிந்தது, பெயர் தெரியவில்லை. இங்கே எல்லாப் பெயரும் தெரிகிறது. கணக்கை வெறுமையாக விட்டால் மாலையில் குறிப்பாணை வரும். எதையாவது தொட்டுவிட்டால் யாரும் கேட்கப்போவதில்லை. அந்த இரண்டாவது எண்ணம் எவ்வளவு சுலபமாக வந்தது என்பதுதான் அவளைப் பயமுறுத்தியது.

எழுந்து நாகநாதனின் மேஜைக்குப் போனாள்.

“சார், எனக்கு இன்னைக்கு ஒரு நாள் லீவு வேணும். இல்ல, விடுப்பு.”

“மொத நாளேவா? ஒப்பந்தக்காரவுகளுக்கு மாசத்துக்கு ஒண்ணுதான். என்ன காரணம்?”

“தங்கச்சிமடம் வரைக்கும் போகணும் சார். மீன் எண்ணணும். எண்ணிட்டு வந்து நாளைக்குக் காலையில திரையில ஏத்திர்றேன்.”

நாகநாதன் பேனாவை மூடினார். திறந்தார். யோசித்தார். மீன் எண்ணுவது உள்ளரங்கக் கணக்கெடுப்பாளரின் கடமைகளில் எங்கேயும் வரவில்லை. ஆணையைப் புரட்டி ஒரு தடவை உறுதி செய்துகொண்டார்.

“அப்ப அது அலுவலக வேலை இல்லையே. சொந்த வேலைன்னுதான போடணும்?”

ஜுவைரியா சால்வையை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

“ஆமா சார்” என்றாள். “சொந்த வேலைதான்.”